பொருள் காணவும்

செத்துப்போன மனிதனின் கை எங்கே இருந்தது என்பதில் அந்த ஊரில் ஒரே ஒரு அலுவலகத்துக்குத்தான் சந்தேகம் இருந்தது. மற்ற எல்லோருக்கும் தெரியும். ரப்பர் ஆலையின் கடைசி எந்திரத்தில், இரண்டு உருளைகளுக்கு நடுவில் இருந்தது.

பஸ் கண்டக்டர் ஒருவருக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். செத்தவன் அவருடைய தங்கை புருஷன். மாப்பிள்ளை ஆவதற்கு முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிநேகிதன். கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் 'வாடா, போடா' என்றுதான் பேசிக்கொண்டார்கள். வீட்டுப் பெரியவர்கள் கண்டித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள்.

அந்த எந்திரம் அப்படியொன்றும் சிக்கலானதல்ல. ஒன்றையொன்று பார்த்துச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். நடுவில் சூடான ரப்பரைத் தள்ளினால் தகடாகிக் கீழே இறங்கும். தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கம்பி. ஆபத்து என்றால் கம்பியை இழுக்க வேண்டும், உருளை நிற்க வேண்டும். மாப்பிள்ளை இழுத்தான். கம்பி வந்தது, உருளை நிற்கவில்லை. கையுறையோடு சேர்த்து வலது கையை வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிரும் போய்விட்டது.

ஆலை நிர்வாகம் இரக்கமுள்ள நிர்வாகம். குடும்பத்தை நடுத்தெருவில் விடமாட்டோம் என்றது, விடவில்லை. செத்தவன் மனைவிக்கு வேலை கொடுத்தது. அவன் பார்த்த அதே வேலையை, அவன் நின்ற அதே எந்திரத்தில், அதே சிவப்புக் கம்பிக்குக் கீழே.

"வேற வேலை இல்லையாம்மா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"அவரு இடம் காலியா இருக்கு, வேணும்னா வா, வேணாம்னா போன்னாங்க. புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போறதுண்ணா?" என்றாள் தங்கை.

இந்த எந்திரத்தை நிறுத்தச் சொல்லி ஒரு உத்தரவு இல்லாமல் இல்லை. விசாரணைக்கு வந்த அதிகாரி நேர்மையானவர். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதினார், அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு. ஆலைக்கும், எந்திரங்களைப் பார்த்துச் சான்று கொடுக்கிற ஆய்வு அலுவலகத்துக்கும் 'ஹேண்ட்-இன்-க்ளவ்', அதாவது கையுறைக்குள் கை போன்ற உறவு இருப்பதால், சிவப்புக் கம்பிக்குக் கொடுத்த சான்று செல்லாது, எந்திரத்தை உடனே நிறுத்துக என்று எழுதினார். எழுதிய கையோடு ஓய்வு பெற்று, மகன் இருக்கும் வெளிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

உத்தரவு தமிழில் இருந்தால்தான் செல்லும். ஆகவே அறிக்கை மொழிபெயர்ப்பு இயக்ககத்துக்கு வந்தது. இயக்குநர் அதைப் படித்து, அந்த ஒரு சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, ஓரத்தில் 'பொருள் காணவும்' என்று எழுதினார்.

அர்த்தம் கண்டுபிடியுங்கள் என்றுதான் அவர் எழுதினார். ஆனால் அந்த அலுவலகத்தில் எழுதியதைத்தான் செய்வார்கள், நினைத்ததைச் செய்யமாட்டார்கள். பொருளைக் காண வேண்டும் என்று கீழே இருந்தவர்கள் காவல் நிலையத்துக்குக் கடிதம் போட, பொருள் வந்து சேர்ந்தது. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், மாப்பிள்ளையின் வலது கையுறை.

கண்டக்டர் தன்னுடைய வார விடுமுறை நாளில் இயக்ககத்துக்கு விசாரிக்கப் போனபோது அது இயக்குநர் மேசைமேல் இருந்தது. தட்டையாக, கறை காய்ந்து, நடுவிரல் ஓரத்தில் கறுப்பு நூல் தையலோடு. அந்தத் தையல் தங்கை போட்டது. கண்டக்டர் நின்றபடியே கேட்டார்.

"இதை எதுக்குங்க இங்க வச்சிருக்கீங்க?"

"பொருள் இல்லாம சொல்லு உண்டா?" என்றார் இயக்குநர். "உக்காருங்க. உங்க விஷயத்துல மொத்த அலுவலகமும் ராப்பகலா உழைக்குது. சொல்லை மூணாப் பிரிச்சுட்டோம்."

உண்மைதான். கை என்பதைக் கைப் பிரிவும், உள் என்பதை உட்பிரிவும், உறை என்பதை உறைப் பிரிவும் எடுத்துக்கொண்டிருந்தன. நடுவே இருந்த இரண்டு சிறு கோடுகளைக் கோட்டதிகாரி தானே வைத்துக்கொண்டார், யாரிடமும் கொடுக்கவில்லை.

"எல்லாரும் சொல்லைத்தான் பாக்கறாங்க, கோட்டை யாரும் பாக்கறதில்ல," என்று அவர் கண்டக்டரிடம் குறைப்பட்டுக்கொண்டார். "கோடு போட்டா அது பெயரடை, உறவு எப்படிப்பட்டதுன்னு சொல்லும். கோட்டை எடுத்தா வினையடை, வேலையை எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்லும். அறிக்கையில ரெண்டாவது கோடு கொஞ்சம் மங்கலா இருக்கு. அது கோடா, ஈ உக்காந்துட்டுப் போனதான்னு பாக்க அனுப்பியிருக்கேன்."

"அதுவரைக்கும் எந்திரம்?"

"அது ஓடட்டும். அதுக்கும் இலக்கணத்துக்கும் சம்பந்தமில்ல."

கைப் பிரிவில் நல்ல கூட்டம். தமிழில் கைக்குப் பஞ்சமா? கைமாற்று, கைராசி, கைத்தடி, கைம்பெண் என்று ஒருவர் படிக்க மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் 'கையூட்டு' என்றாள். எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பிரிவுத் தலைவர், "அது இந்தச் சூழலுக்குப் பொருந்தாது," என்றார். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

மூல ஆராய்ச்சி அதிகாரி தனி அறையில் இருந்தார். சொற்களின் பூர்வீகம் பார்ப்பவர். பல வருஷமாக அந்த அறைக்கு யாரும் வராததால், கண்டக்டரைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆதியில இது இப்படி இல்லைங்க. 'கையும் உறையும்'னுதான் இங்கிலீஷ்காரன் சொல்லிக்கிட்டிருந்தான். கைக்கு உறை பொருந்தற மாதிரி, விட்டுப் பிரியாத சிநேகம்னு அர்த்தம். அப்ப கை வெளியிலதான் இருந்துச்சு. உள்ள போனது ரொம்பப் பின்னாடி. ஒரு நூறு வருஷமாவது ஆகியிருக்கும்."

"எங்க மாப்பிள்ளை கை உள்ள போக அவ்வளவு நேரம் ஆகலைங்க," என்றார் கண்டக்டர்.

"அதானே பாருங்க," என்று அதிகாரி வியந்தார். "நல்ல அர்த்தத்துல பொறந்த சொல்லு. கெட்ட சகவாசம் பின்னாடிதான் வந்து ஒட்டிக்கிச்சு. எந்த அர்த்தத்தை எடுக்கறதுங்கறதுதான் இப்பப் பிரச்சினை."

கண்டக்டர் வீட்டுக்கு வந்தபோது தங்கை வேலை முடிந்து குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். குழந்தை விளையாடப் போன பிறகு வலது மணிக்கட்டை அவர் முன்னால் நீட்டினாள். நாலு விரல் பதிந்த மாதிரி சிவந்திருந்தது.

"யாரும்மா அடிச்சா?"

"அடிக்கலண்ணா. ரப்பரைத் தள்ளறப்போ கை கொஞ்சம் முன்னாடி போச்சுன்னா யாரோ பிடிச்சு இழுக்கறாங்க. திரும்பிப் பாத்தா யாருமில்ல." சிவந்த இடத்தை மெல்லத் தடவினாள். "அவரு பிடி எனக்குத் தெரியாதா?"

கண்டக்டர் அந்த மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேய் பிசாசில் நம்பிக்கை இல்லாதவர் அவர். ஆனால் தங்கைக்கு முகம் தெளிந்திருப்பதைப் பார்த்தார். அவன் போனதிலிருந்து இப்போதுதான் அந்த முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடுகிறது. அவருக்குப் பயமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. என்னை வந்து பிடிக்கவில்லையே என்று நினைத்தார்.

"ஒவ்வொரு தடவையும் அவரால பிடிக்க முடியுமாண்ணா? அசந்துட்டாருன்னா?" என்று அவள் கேட்டாள்.

அடுத்த விடுமுறையில் போனபோது கையுறை தட்டையாக இல்லை. உப்பியிருந்தது. ஐந்து விரல்களும் நிறைந்து, மணிக்கட்டுப் பக்கம் மட்டும் வெறும் ஓட்டையாக, கண்ணாடிக்குள் சும்மா படுத்திருந்தது. பியூன் மேசையருகே வராமல் வாசலிலேயே நின்று கோப்புகளை ஒவ்வொன்றாக வீசிக்கொண்டிருந்தான்.

"காலையில விரலெல்லாம் விரிஞ்சிருந்துச்சு சார்," என்றான் கண்டக்டர் காதில். "கூட்டத்துல யாரோ 'விபத்து'ன்னாங்க. மூடிக்கிச்சு."

இயக்ககம் இதை அலட்சியம் செய்யவில்லை. உப்பலுக்குக் காரணம் மழைக்கால ஈரம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. கையுறை கண்ணாடியைத் தட்டத் தொடங்கியபோது, பொதுமக்கள் பார்வை நேரத்தில் மட்டுமே தட்டலாம் என்று பெட்டியின் மேல் ஒட்டினார்கள். மறுநாளிலிருந்து அது சரியாகப் பார்வை நேரத்தில் மட்டும் தட்டியது. இவ்வளவு ஒழுங்கான மனுதாரரை இதுவரை பார்த்ததில்லை என்று இயக்குநரே பாராட்டினார்.

கண்டக்டரால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. டொக், டொக் என்று மாப்பிள்ளை வீட்டுக் கதவைத் தட்டுகிற அதே தட்டல்.

"சார், உடந்தை," என்றார்.

"என்ன?"

"அந்தச் சொல்லுக்கு. ஆலையும் ஆய்வு அலுவலகமும் உடந்தை. அவ்வளவுதானே சார்? எங்க பஸ்ஸுல வர்றவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லு."

இயக்குநர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்து, நோயாளிக்குச் சொல்கிற மாதிரி இதமாகப் பேசினார்.

"எங்களுக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? அறிக்கை வந்த அன்னிக்கே பியூன் சொல்லிட்டான். எனக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். தெரிஞ்ச சொல்லைப் போட ஒரு இயக்ககம் எதுக்கு? இத்தனை பிரிவு எதுக்கு? சொல்லைக் கண்டுபிடிக்க எங்களுக்குச் சம்பளம் தர்றாங்கன்னு வெளியில நினைக்கறாங்க. கண்டுபிடிக்காம இருக்கறதுதான் கஷ்டமான வேலை, அதுக்குத்தான் படிச்சவங்க வேணும். இன்னொண்ணு, உடந்தைன்னு போட்டா யார் யாரு உடந்தைன்னு கேப்பாங்க. எங்களுக்கும் ஆலைக்கும் எந்த ஒட்டும் உறவும் கிடையாது. இந்த ஏசி அவங்க கொடுத்தது. உங்க காலுக்கடியில இருக்கற ரப்பர் விரிப்பு அவங்க கொடுத்தது. என் மச்சினன் அங்க கணக்குப் பாக்கறான். அதுக்காக நாங்க ஒரு எழுத்தை மாத்தியிருப்போமா? இதுவரைக்கும் ஒரு எழுத்துகூட நாங்க எழுதவே இல்லையே!"

பெட்டிக்குள் தட்டல் நின்றிருந்தது. கண்டக்டர் காலை விரிப்பிலிருந்து எடுத்து வெறுந்தரையில் வைத்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு வேலை விறுவிறுவென்று நடந்தது. இப்படி வெளியாட்கள் வந்து சொல் சொல்ல ஆரம்பித்தால் ஆபத்து என்று நினைத்தார்களோ என்னவோ. ஆதி அர்த்தமே உத்தமம் என்று முடிவானது. கை, உள், உறை என்ற மூன்று பிரிவுகளுக்கும் மனத்தாங்கல் வராதபடி 'கைசேர் நல்லுறவு' என்று ஒரு சொல் பிறந்தது. அதை அறிக்கையில் பொருத்திப் பார்த்தார்கள். ஆலைக்கும் ஆய்வு அலுவலகத்துக்கும் கைசேர் நல்லுறவு நிலவுவதால் எந்திரத்தை உடனே நிறுத்துக என்று வந்தது. நல்லுறவு நிலவினால் எதற்கு நிறுத்த வேண்டும்? மூலத்தில் பிழை இருக்கிறது என்று கண்டுபிடித்து, 'நிறுத்த வேண்டியதில்லை' என்று திருத்தினார்கள்.

இனி வெளியிட வேண்டியதுதான் பாக்கி. அந்த இயக்ககத்தில் பழைய விதி ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பு எழுத்தில் வெளியாகாது. இயக்குநர் மேடையில் வாயால் சொல்வார், சுருக்கெழுத்தர் எழுதிக்கொள்வார். அப்படிச் சொன்னதுதான் சான்றளித்த வாசகம். முன்னே எழுதி வைத்திருந்தது எதுவும் செல்லாது. சொன்னதைப் பிறகு மாற்ற இயக்குநருக்கே அதிகாரம் கிடையாது.

விழாவை ஆலையிலேயே வைத்தார்கள். கடைசி எந்திரத்துக்குப் பக்கத்தில் பலகை அடித்து மேடை. படத்தில் நன்றாக வரும் என்று முதலாளி எந்திரத்தை ஓடவிட்டிருந்தார். தங்கை வேலையை நிறுத்தாமல் சிரித்த முகமாக ரப்பரைத் தள்ள வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தள்ளிக்கொண்டிருந்தாள். சிரிக்கத்தான் வரவில்லை. கண்டக்டர் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடை மேசைமேல் கண்ணாடிப் பெட்டி இருந்தது. சொல்லைப் பொருளோடு விளக்குவது இயக்குநரின் ஆசை.

"கை வேற, உறை வேறன்னு பாக்கறவன் பாமரன்," என்று ஒலிவாங்கியைச் சட்டையில் குத்திக்கொண்டு ஆரம்பித்தார். "நிர்வாகம் கைன்னா, அரசாங்கம் உறை. கை அழுக்காகாம உறை பாத்துக்கும். உறை காலியா இல்லாம கை பாத்துக்கும். இதுல என்ன தப்பு? இதோ, நானே போட்டுக் காட்டறேன்."

முதலாளி கைதட்டினார். ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்தவரும் தட்டினார். இயக்குநர் பெட்டியைத் திறந்து, வலது கையைக் கையுறைக்குள் விட்டார். பாதி போனது. அதற்கு மேல் போகவில்லை. அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மெல்ல வெளிறியது.

"உள்ள..." என்றார். "உள்ள ஆள் இருக்கு."

கூட்டம் இதையும் பேச்சின் பகுதி என்று நினைத்துச் சிரித்தது. அவர் கையை உருவப் பார்த்தார், வரவில்லை. கையுறை மேசையை விட்டு எழுந்து நடந்தது, இயக்குநர் பின்னால் போனார். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிற மாதிரி அது அவரை மேடையிலிருந்து இறக்கி எந்திரத்தடிக்குக் கொண்டுபோய் நிறுத்தி, சிவப்புக் கம்பியைப் பிடித்து இழுத்தது. கம்பி வந்தது. உருளைகள் சுழன்றன. மறுபடி இழுத்தது. கம்பி ஆணியோடு கழன்று அவர் காலடியில் விழுந்தது. ஆய்வு அலுவலகத்துக்காரர் கைதட்டுவதை நிறுத்தினார்.

கையுறை கீழே இறங்கித் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தது. அவளைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிட்டு, அவள் நின்ற இடத்தில் இயக்குநரை நிறுத்தியது. அவள் மணிக்கட்டை விட்டது. பிறகு அவசரமே இல்லாமல் அவர் கையை ரப்பரின் மேல் வைத்தது. ரப்பர் நகர்ந்தது, கையும் கூடவே நகர்ந்தது.

முப்பது வருஷமாகத் தெரிந்த சொல் எதையும் வாய்விட்டுச் சொல்லாத அந்த மனிதர், ஆலை முழுக்க அதிரும்படி கத்தினார்.

"நிறுத்துங்கடா!"

யாரும் அதற்குப் பொருள் கேட்கவில்லை. பத்துப் பேர் ஓடிப்போய் மின்சாரத்தை அணைத்தார்கள். உருளைகள் முனகி, தயங்கி, நின்றன. அவர் விரல் நுனிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழையலாம்.

அந்த நிசப்தத்தில் தங்கை மட்டும் அருகே போனாள். நடுவிரல் தையலைத் தொட்டாள்.

"விடுங்க. நான் வெளிய வந்துட்டேன்," என்றாள், வீட்டில் பேசுகிற குரலில்.

கையுறை காற்றுப் போனது மாதிரி தளர்ந்து கீழே விழுந்தது. அவள் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். அது அரசாங்கத்தின் பொருள் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. கண்டக்டர் வாய்விட்டு அழுதார்.

சுருக்கெழுத்தர் கடமை தவறாதவர். எல்லாவற்றையும் எழுதியிருந்தார். கடைசி எந்திரம் பற்றி இயக்குநர் திருவாயால் வெளியிட்ட சான்றளித்த வாசகம் ஒன்றே ஒன்றுதான். நிறுத்துங்கடா. விதிப்படி அதை மாற்ற முடியாது. எந்திரத்துக்குச் சீல் வைத்தார்கள். தங்கையைப் பொட்டலம் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள்.

அங்கே வேலைக்குப் போன முதல் வாரம், ஒருநாள் மாலை அவள் கண்டக்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப யாரும் இழுக்கறதில்லண்ணா."

"நல்லதுதானேம்மா."

"நல்லதுதான்," என்றாள். அன்றைக்குத்தான் புருஷன் செத்ததற்கு அவள் முதல்முதலாக அழுதாள். கண்டக்டர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

முதலாளி சும்மா இருப்பாரா? எந்திரத்தைத் திரும்ப ஓட்ட அனுமதி கேட்டார். ஆங்கிலத்தில் ஆரம்பித்த விவகாரம் ஆங்கிலத்தில்தான் முடிய வேண்டும், ஆகவே உத்தரவை முதலில் ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும் என்றது விதி. நிறுத்துங்கள் வரைக்கும் ஒரு நொடியில் முடிந்தது. 'டா'வில் மாட்டிக்கொண்டார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ஆளில்லை. 'ங்க' மரியாதை, 'டா' மரியாதைக் குறைவு, இரண்டும் ஒரே சொல்லில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று ஒரு பிரிவு கேட்டது. நடுவில் கோடு போட்டால் தீரும் என்றார் கோட்டதிகாரி.

ஆனால் முதலாளி ஏசிக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு குளிர்ப்பெட்டியும் வைத்துக் கொடுத்திருப்பதாகப் பியூன் தகவல் சொன்னான். 'டா' என்பது வெறும் அதட்டல், அதற்குப் பொருளே கிடையாது, விட்டுவிடலாம் என்று அன்றைய கூட்டத்தில் முடிவாகப் போகிறதாம். முடிவானால் மொழிபெயர்ப்பு முடிந்து, கையோடு அனுமதியும் வந்து, மறுநாளே எந்திரம் ஓடும். கம்பிக்கடியில் நிற்க ஒரு ஆளையும் பார்த்து வைத்துவிட்டார்களாம். பொண்டாட்டி வாயும் வயிறுமாக இருக்கிற ஒரு சின்னப் பையன்.

கண்டக்டர் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார். கூட்டம் முடிகிற நேரம். இயக்குநர் வலது கையை இடது கையால் தேய்த்தபடி, முடிவில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

"ஐயா, ஒரு சந்தேகம்," என்றார் கண்டக்டர், வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு. "எங்க மாப்பிள்ளை கடைசியா வேலைக்குப் போறப்போ என் பஸ்ஸுலதான் ஏறினான். எறங்கறப்போ 'வரேன்டா'ன்னு சொல்லிட்டுப் போனான். அதுல அதட்டலே இல்லீங்களே. அந்த 'டா'வை எதுல சேப்பீங்க?"

மூல ஆராய்ச்சி அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதில் பாசமும் இருக்கும்போல என்று உறைப் பிரிவு சொல்ல, பாசத்துக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று கைப் பிரிவு எழுந்தது. இயக்குநர் கண்டக்டரை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தன் வலது கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடினார்.

"நீங்க சொல்றது ஆழமான விஷயம்," என்றார். "முதல்லேருந்து பாக்கணும். முடிவு வர ரொம்ப நாளாகும். அதுவரைக்கும் எந்திரம் ஓடாது. பரவாயில்லையா?"

"அவசரமே இல்லீங்க," என்றார் கண்டக்டர். "பொறுமையாப் பாருங்க."